ஏழாவது அத்தியாயத்தை அவர்களுக்குத் தர மாட்டேன்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு, நீ எங்கே இருந்தாலும் அங்கே வந்து சேரும் என்ற நம்பிக்கையில் உன் கொடி எழுதுவது.

நம் மாசியைப் படமாக எடுத்துவிட்டார்கள். நீ பார்க்கவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் நீ தப்பித்தாய். நான் பார்த்துவிட்டு வந்து பத்து நாளாகிறது. மித்ராவைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்தால் ஆத்திரம்தான் வருகிறது. யாரிடம் சொல்வது? என் வீட்டுக்காரர் குமாரிடம் சொன்னால், "விடு, சினிமான்னா அப்படித்தான்" என்கிறார். விட முடியாத ஒருத்தி நீதான்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக நீ அறிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ மைசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் கொள்ளேகாலம் பக்கம் ஹனூரிலிருந்து வேலைக்கு வந்தவள். அங்கே ஹெப்பாளில் ஒரே வீட்டின் மாடியில் இரண்டு பேரும் நாலு வருஷம் குடியிருந்தோம். டியூட்டி முடிந்து வந்து நீ படம் வரைவாய். 'சுற்றுவழி' என்ற காமிக்ஸ். அதில் மாசி ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர். வண்டியில் ஏற்றப்படுகிறவன் கெட்டவன் என்று தோன்றினால், மாசி நேர்வழியில் போக மாட்டான். சுற்றிப் போவான். அவ்வளவுதான் அவன் செய்யும் கொலை. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. போலீஸ் கேட்டால் ஒரே வார்த்தை சொல்வான். "டிராஃபிக்."

அந்த ஒற்றை வார்த்தையைப் படித்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். "என்ன ஒரு சிக்கனம், என்ன ஒரு இறுக்கம்" என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதினார். படித்துவிட்டு நாம் இரண்டு பேரும் பாயில் உருண்டு சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா? அது சிக்கனமே இல்லையே. உனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னடம். அதனால் வசனத்தைக் கன்னட எழுத்தில் துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்த அளவுக்குப் பேச்சுப் பலூன் வரைந்து, மையும் போட்டுவிட்டு என்னிடம் நீட்டுவாய். நான் அந்தியூரில் மாமா வீட்டில் தங்கிப் பத்தாவது வரை தமிழில் படித்தவள். தமிழில் எழுதினால் பாதி வசனம் பலூனுக்கு வெளியே நிற்கும்.

"அக்கா, இடம் பத்தலீங்க்கா."

"ஆகல்ல கணே, முடியாதுடி, இங்க் போட்டாச்சு. வார்த்தையக் கம்மி பண்ணு."

"'வழியில ஒரே கூட்டம் சார், நான் என்ன பண்ணட்டும்'னு இருக்குது. இதுல எதைக் கம்மி பண்றது?"

"சும்னே, சும்மா டிராஃபிக்னு போடு. அவன் மூஞ்சிக்கு அது போதும்."

இப்படித்தான் மாசி வாய் பேசாதவன் ஆனான். மூன்றாவது அத்தியாயத்துக்குப் பிறகாவது பலூனைப் பெரிதாக வரைவாய் என்று பார்த்தேன். நீ வரையவில்லை. அவன் அப்படித்தான் என்று உனக்கும் தெரிந்துவிட்டது.

இப்போது படத்துக்கு வருகிறேன்.

மித்ராவை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு, நானும் குமாரும் மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். பிறந்ததிலிருந்து அவளை மூன்று மணி நேரம் விட்டுவிட்டு இருந்தது அதுதான் முதல் தடவை. இடைவேளைக்குள் மூன்று தடவை போன் செய்தேன். மூன்றாவது தடவை உன் அம்மா, "பால் குடிச்சா, ரெண்டுக்குப் போனா, என் கண்ணாடிய உடைச்சா. வேற என்ன தெரியணும்? நீ படத்தப் பாரு" என்று வைத்துவிட்டார்கள்.

நீ வரைந்த மாசிக்குத் தலையில் சொட்டை. சட்டையில் எண்ணெய்க் கறை. ஸ்டியரிங் பக்கத்தில் எப்போதும் பாதி கடித்த பேக்கரி பன். படத்தில் வந்தவனுக்கு நெற்றியில் காற்றில் பறக்கிற முடி. ஆம்புலன்ஸ் ஒரு பாலத்திலிருந்து இன்னொரு பாலத்துக்குத் தாவுகிறது. தாவும்போதே அவன் கண்ணாடியைப் பார்த்து முடியைச் சரிசெய்துகொள்கிறான். அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்து, அந்த மனைவியை அரை மணி நேரத்தில் வில்லன் சுட்டு, ஒரு சோகப்பாட்டும் வைத்துவிட்டார்கள். ஏன் இப்படிச் செய்கிறான் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதாம்.

"டிராஃபிக்" என்ற வார்த்தை என்ன ஆனது தெரியுமா? கேட்டுக்கொள். "நான் வர்ற வழியில டிராஃபிக் இருக்காதுடா. நான் வந்தாதான்டா டிராஃபிக்!" தியேட்டரே விசில் அடித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கைவிரல்களைப் பார்த்தேன். அந்தச் சின்னப் பலூன்களுக்குள் எழுதிய விரல்கள்.

இடைவேளையில் குமார், "நல்லாத்தான போகுது? ஜனங்க எப்படி ரசிக்கறாங்க பாரு" என்றார்.

"மாசியப் பாத்து விசில் அடிக்கறதுக்கு என்னங்க இருக்குது? அவன் கொலைகாரன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன் வரிசையில் பாப்கார்னோடு இருந்த ஒரு காலேஜ் பெண் திரும்பி, "ஆன்ட்டி, ப்ளீஸ், கதையச் சொல்லாதீங்க" என்றாள். கவலைப்படாதே கண்ணு, இந்தப் படத்தில் என் கதை எதுவும் வரப்போவதில்லை என்று சொல்ல நினைத்தேன். ஆன்ட்டி என்றது வேறு வலித்தது.

முடிவைச் சொல்லவா? மாசி யாரையும் கொல்லவே இல்லையாம். வண்டியில் ஏறிய கெட்டவர்கள் எல்லோரையும் ஒரு எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய், வைத்தியம் பார்த்து, திருத்தி வைத்திருக்கிறானாம். கடைசிக் காட்சியில் அத்தனை பேரும் வெள்ளை உடையில் தக்காளி பறித்துக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ் அதிகாரி சல்யூட் அடிக்கிறார். படம் முடிந்தது.

ஏழாவது அத்தியாயத்தின் நிழல்கூட அதில் இல்லை.

படத்துக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டது நான்தான், அக்கா. அதை மறைக்க மாட்டேன். அப்போது நீ எங்களை விட்டுப் போய் ஐந்து மாதம். எனக்கு வயிற்றில் எட்டு மாதம். டைரக்டர் வீட்டுக்கே வந்தார், நன்றாகப் பேசினார். "கதையோட ஆன்மாவத் தொட மாட்டோம்" என்றார். உன் பெயர் பெரிய திரையில் வரும் என்ற ஆசையில் உன் அம்மாவையும் போடவைத்து நானும் போட்டேன். உன் பெயர் வந்தது. கடைசியில், ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது.

அதோடு முடிந்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். படம் பார்த்த மூன்றாம் நாள் நம் பதிப்பாளர் போன் செய்தார்.

"மேடம், படம் பிச்சிக்கிட்டு ஓடுது. புத்தகம் எங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. நம்மகிட்ட ஒரு காப்பி கிடையாது. உடனே புதுப் பதிப்பு போட்டுடலாம். அட்டையில ஹீரோ படம். படக்காரங்க சைடுல ஓகே சொல்லிட்டாங்க."

"சரிங்க."

"ஒரே ஒரு சின்ன விஷயம். ஏழாவது அத்தியாயம் வேணாம்கறாங்க. ஹீரோ ஒரு அப்பாவியச் சாவடிச்சான்னா ரசிகருங்க ஒத்துக்க மாட்டாங்களாம். ஆறுக்கு அப்புறம் நேரா எட்டு. யாருக்கும் வித்தியாசமே தெரியாது. நீங்களும் கூட எழுதினவங்க, அதனால உங்க கையெழுத்து வேணும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

"இல்லீன்னா?"

"இல்லேன்னா அட்டை கிடைக்காது மேடம். அட்டை இல்லாம இந்த நேரத்துல நான் போட மாட்டேன். அப்புறம் எப்பவும் போட முடியாது. யோசிங்க. ஸ்டெல்லா மேடம் பேரு நாலு பேருக்குத் தெரியட்டுமே."

அவர் கெட்ட மனிதர் இல்லை. யாரும் சீந்தாதபோது உன் புத்தகத்தைப் போட்டவர். அதனால்தான் உடனே மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற ஏழு அத்தியாயங்களாவது உயிரோடு இருப்பது நல்லதா, எட்டும் சேர்ந்து அழிந்துபோவது நல்லதா? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஏழாவது அத்தியாயத்தில் மாசி தப்புச் செய்கிறான். சாராய வாடையோடு ஒருவரை ஏற்றுகிறார்கள். பார்த்த உடனே அவனுக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. ரிங் ரோட்டை இரண்டு தடவை சுற்றுகிறான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை விட்டு இறக்கியபோது அந்த ஆளுக்கு உயிர் இல்லை. சட்டைப்பையில் சர்க்கரை வியாதிக்கான மாத்திரைச் சீட்டும், பேப்பரில் மடித்த வெல்லத் துண்டும். அந்தப் பக்கத்தில் மாசி அந்த வெல்லத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நீ ஆறு தடவை அழித்து வரைந்தாய்.

அன்றுதான் எனக்குச் சொன்னாய். வண்டியும் ரிங் ரோடும்தான் கற்பனை, மனிதர் நிஜம் என்று.

நீ கேஷுவல்டியில் இருந்த ஒரு மாலை. கூட்டம். சாராய வாடை அடித்த ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஏதோ குழறினார். நீ அவரை உட்காரச் சொன்னாய். அவருக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டாய். குடித்துவிட்டு வந்தவர் காத்திருக்கட்டும். தூங்குகிறார் என்று நினைத்தாய். கடைசியில் தொட்டுப் பார்த்தபோது கை குளிர்ந்திருந்தது. லோ சுகர். அந்தக் குழறல் சர்க்கரை இறங்கியதால் வந்தது. அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. தேடி யாரும் வரவில்லை. உன்னையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "யாராவது திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும் கணே" என்றாயே. அதை நான் எந்தப் பலூனுக்குள்ளும் எழுதவில்லை. ஆனால் அந்த அத்தியாயம் முழுக்க அதுதான் இருக்கிறது.

இதை எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்பாய். கேட்டுத்தான் எழுதுகிறேன். யாரிடம் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். போன தசரா சமயம் மித்ராவுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. பதினோரு மாதக் குழந்தை, அக்கா. கண் மேலே போய்விட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. பட்டப்பகல். அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் பான்பராக். கண்கள் சிவப்பு. நேராகப் போக வேண்டிய இடத்தில் வண்டி இடது பக்கம் திரும்பியது. எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. மாசிக்கு வசனம் எழுதியவள் இல்லையா நான்?

"ஏனுங்க, இவன் சுத்திப் போறான்! வேணும்னே சுத்திப் போறான்! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க!" என்று குமாரைப் பிடித்து உலுக்கினேன். என்னென்னவோ சொன்னேன். குடிகாரன் என்றேன். கொலைகாரன் என்றேன்.

டிரைவர் திரும்பவில்லை. "அக்கா, நானும் கொள்ளேகாலத்துக்காரந்தானுங்க, நீங்க பேசறது புரியுதுங்க" என்றார். "நேராப் போனா தசராவுக்கு ரோட்டு மறிச்சிருக்காங்க. முக்கா மணி நேரம் நிப்போம். ரெண்டு நாளா தூங்கலீங்க, ஆனா வழி தெரியும். பாப்பாவ ஒருச்சாய்ச்சுப் புடிச்சுக்கங்க."

ஒன்பது நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மித்ரா பிழைத்தாள். நான் திரும்பி வந்து பார்ப்பதற்குள் வண்டி அடுத்த அழைப்புக்குப் போய்விட்டது. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. என் கையில் ஸ்டியரிங் இருந்திருந்தால், வண்டியில் படுத்திருந்தது அவராக இருந்திருந்தால், நான் எந்த வழியில் போயிருப்பேன்? அன்றைக்கு மாசி நான்தான். ஏழாவது அத்தியாயத்தை எழுதிய கையால் அதைப் படிக்காதவள் மாதிரி நடந்துகொண்டேன்.

அப்படிப்பட்ட அத்தியாயத்தைத்தான் எடுத்துவிடச் சொல்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் மாசி எப்போதும் சரியாகவே தீர்ப்புச் சொல்கிறவன் ஆகிவிடுவான். சொட்டையும் பன்னும் போனால் போகட்டும். அது போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உன் அம்மா வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் போனேன். எனக்குப் பயம். நீ அவர்களுக்குத் தெரியாமல்தான் வரைந்தாய். "அம்மா கண்ணுல பட்டா ஜெபமாலையாலயே அடிப்பா" என்பாய். பெஞ்சில் இருந்தவரைப் பற்றி அவர்களுக்கு எதுவுமே தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். செத்துப்போன மகளைப் பற்றி ஒரு தாயிடம் போய் இதை எப்படிச் சொல்வது? நானும் இப்போது ஒருத்திக்கு அம்மா.

கதவைத் திறந்ததுமே, "பிள்ளைக்கு மூணு சட்டை போட்டிருக்கியே, ஊட்டிக்கா கூட்டிட்டுப் போறே?" என்று இரண்டைக் கழற்றிப் போட்டார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். நான் பதிப்பாளர் சொன்னதைச் சொன்னேன். ஏழாவது அத்தியாயத்தைப் பற்றிச் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன்.

"அந்த பெஞ்சுக்காரரு கதையத்தான சொல்றே?" என்றார்கள்.

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எங்கிட்ட சொல்லாம உங்கிட்ட மட்டும் சொல்லியிருப்பான்னு நினைச்சியா? கல்லறைத் திருநாளுக்கு இறந்தவங்க பேரெல்லாம் எழுதி கோயில்ல கொடுப்போம்ல, பூசைல வாசிக்கறதுக்கு? அவங்க அப்பா பேரு, தாத்தா பேரு எல்லாம் நான் எழுதுவேன். அதுக்குக் கீழ 'பெஞ்சில் இருந்தவர்'னு போடச் சொல்வா. ஒரு வருஷம் ஃபாதர் கூப்பிட்டுக் கேட்டாரு, 'இது என்ன பேரும்மா?' இவ சொல்றா, 'கடவுளுக்குத் தெரியும் ஃபாதர், நீங்க வாசிங்க.'"

"வாசிச்சாரா?"

"வாசிக்காம? அவளோட யாரு மல்லுக்கட்ட முடியும்? இப்பவும் எழுதறேன். அவ பேரு, அதுக்குக் கீழ அவரு பேரு."

மித்ரா உன் அம்மாவின் உடைந்த கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். பிறகு உன் அம்மா கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"படத்துல எல்லாரும் உயிரோட தக்காளி பறிக்கறாங்கன்னு சொன்னியே. அப்போ அந்த மனுஷனும் சாகலன்னு ஆயிடுச்சுல்ல? பேரும் இல்ல, ஊரும் இல்ல. செத்தாரு, அது ஒண்ணுதான் அவருக்கு இருக்கு. அதையும் எடுத்துக்குவாங்களா?"

"புத்தகமே வராமப் போயிருமுங்க, அம்மா."

"போகட்டும். என் பிள்ளை நல்லவன்னு பேரு வாங்கறதுக்கா அத வரைஞ்சா? நீ எல்லாத்தையும் எழுது. நான் சொன்னேன்னும் எழுது."

அதனால் எழுதுகிறேன், அக்கா. அனுமதி வாங்கியது இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலை பதிப்பாளர் கூப்பிட்டார். மித்ராவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் போன், ஒரு கையில் ரசம் சாதம்.

"என்ன மேடம், முடிவு பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சுங்க. எட்டும் இருந்தாத்தான் புத்தகம். ஒண்ணு குறைஞ்சாலும் இல்லீங்க."

"மேடம், கொஞ்சம் பிராக்டிகலா..."

"உங்ககிட்ட எனக்கு மரியாதை இருக்குதுங்க. ஆனா இது முடியாதுங்க."

"அப்போ புத்தகம் இல்லைன்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கங்க."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "ஸ்டெல்லா மேடமும் இப்படித்தான் பேசுவாங்க" என்றார். வைத்துவிட்டார். கிண்ணம் சரிந்து ரசம் எல்லாம் என் மடியில். குமார் வந்து பார்த்துவிட்டு, துடைக்கத் துணி கொண்டுவந்தார். அன்று சாயங்காலம், "அந்த ஏழாவத எடு, படிக்கறேன்" என்றார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் காமிக்ஸ் படித்து நான் பார்த்ததே இல்லை. படித்து முடித்துவிட்டு, "இதையாம்மா வேணாங்கறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே புத்தகம் வராது. கடைகளில் உன் பெயர் இருக்காது. படத்தைப் பார்த்துவிட்டு மாசியைத் தேடுகிறவர்களுக்கு முடி பறக்கிற அந்த ஆள்தான் கிடைப்பான். எனக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் செய்தது சரியா என்று நாளைக்கே ஒரு நூறு தடவை யோசிப்பேன், என் புத்தி உனக்குத் தெரியாததா? மித்ராவுக்குத் தும்மல் வந்தாலே இரவெல்லாம் மூச்சை எண்ணுகிறவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பயந்துகொண்டே உறுதியாக இருக்க முடியும் என்று இப்போது தெரிகிறது.

வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. ஏழாவதை விட்டுவிட்டு யார் வந்து கேட்டாலும், எத்தனை பெரிய அட்டையோடு வந்தாலும் என் கையெழுத்து கிடையாது. உன் அம்மாவுக்கு முடியாமல் போகும் வருஷத்திலிருந்து அந்தப் பெயர்ச் சீட்டை நான் எழுதிக் கோயிலில் கொடுப்பேன். நான் உங்கள் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை. ஃபாதர் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன். மாசியை நல்லவனாக்க நினைக்கிறவர்கள் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். நான் இருக்கும்வரை, அந்த மனிதர் பெஞ்சில் காத்திருந்தார், செத்துப்போனார். அதை மாற்ற யாரையும் விட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறக்காத தங்கை,
மித்ராவின் அம்மா,
கொடி